மித்ரே பள்ளிக்கூடம் போன வாரம்

இந்த வருஷம் ஒரு குடைமிளகாயைக்கூடத் தொடுவதில்லை என்று மித்ரே சபதமே எடுத்துவிட்டார்.

வேலெஸ் ஊரில் செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோல் உரித்து, அரைத்துக் கிளறி, குளிர்காலத்துக்கு அய்வார் என்கிற தொக்கு போட்டு வைக்காத வீடு ஒரு வீடா? சுடுவதும் கிளறுவதும் அவர் மனைவி பாவ்லினா. தோல் உரிப்பது மட்டும் நாற்பது வருஷமாக மித்ரே. உரித்து முடித்தால் மூன்று நாளைக்கு விரல் எரியும், சீட்டாடக்கூட முடியாது. ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா?

அவருக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த கரடியை ஒற்றை ஆளாக விரட்டிய கதை அவரிடம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. "அன்னைக்குப் பாரு, நல்ல பனி" என்று ஆரம்பித்தாலே பாவ்லினா துணி காயப்போடக் கிளம்பிவிடுவாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரியவர்கள் ஒரு வாரம் வந்து, தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். அதே கடைசி வாரம். மித்ரேவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு ஃபாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நாட்டின் எதிர்காலம், பிள்ளைகளின் அறிவு என்று பத்து நிமிஷம் முழங்கினார். சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"தாராளமா போங்க, நல்ல காரியம்தானே," என்றாள் பாவ்லினா. "ஃபாரத்தை இப்படிக் கொடுங்க, நானே எழுதித் தர்றேன். உங்களுக்குத்தான் கண்ணாடிய எங்க வச்சோம்னே தெரியாதே."

எழுதினாள். மித்ரே படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் பழைய ரயில்வே தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்தத் தொப்பியோடு போனவரை, ஆசிரியை கொர்தானா நேரே பள்ளியின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே அடுப்பு எரிந்தது. சமையல்காரர் மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு மூட்டை. மித்ரே குனிந்து முடிச்சைப் பார்த்தார். சனிக்கிழமை சந்தையில் வீட்டுக்கென்று வாங்கி அவரே போட்ட முடிச்சு.

"உங்க வீட்டம்மா சொன்ன யோசனைதாங்க. பாட்டில்ல பாதி பள்ளிக்கு, பாதி உங்க வீட்டுக்கு," என்று ஆசிரியை ஃபாரத்தைக் காட்டினாள். நன்றாகத் தெரிந்த வேலை என்ற இடத்தில், தோல் உரிப்பது, நாற்பது வருஷ அனுபவம், இடைவேளை தேவையில்லை என்று பாவ்லினாவின் முத்து முத்தான எழுத்து. அடியில் அவருடைய கையெழுத்து.

சரி, உரித்துக்கொண்டே பிள்ளைகளுக்குக் கரடிக் கதையையாவது சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் மரத்தடியில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவர்களுக்கு எதிரே நாற்காலியில், கையில் காபியோடு பாவ்லினா. அவளும் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது கதை சொல்வதாம்.

"அன்னைக்குப் பாருங்க, நல்ல பனி. தண்டவாளத்துல ஒரு கரடி. உதவியாள் ரிஸ்தோ இரும்புக் கம்பியோட கீழே குதிச்சான். டிரைவர் என்ன செஞ்சார் தெரியுமா? சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டார்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடந்தது என்னவோ அதுதான். ரிஸ்தோவின் பெண்டாட்டி எப்போதோ போட்டுக்கொடுத்திருக்கிறாள். மித்ரேவுக்குக் காது மிளகாயாகச் சிவந்தது. "அது அப்படி இல்ல கண்ணுங்களா," என்று எழுந்தார்.

கடைசி வரிசைச் சிறுமி திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"தாத்தா, கதை நடக்குதில்ல. பேசாம உரிங்க."