சண்டைக்கு ஒரு மிக்சர்

எழுபதுகளில் தென்காசி வட்டாரத்தில் கல்யாணங்கள் முறியாமல் நடந்ததற்கு ஜாதகப் பொருத்தம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம், மைக்செட் வைத்திருந்த கேப்பு அண்ணாச்சி. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை வருகிற இடைவெளியை அவர் ‘கேப்பு’ என்பார். உலகத்துச் சண்டை எல்லாம் அந்தக் கேப்பில்தான் பிறக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். “பாட்டு ஓடுத வரைக்கும் ஒருத்தன் பேசுதது இன்னொருத்தனுக்குக் கேக்காது. கேக்காத வரைக்கும் எல்லாரும் நல்லவன்தாம்லே” என்பார்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதெல்லாம் என் அக்கா கோமதியின் நிச்சயதார்த்தம் வரைக்கும்தான். அன்று அண்ணாச்சி ரிக்கார்டைத் திருப்பிப் போடக் குனிந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை, “பொண்ணு நம்ம பையனுக்குக் கொஞ்சம் மட்டம்தான்” என்று பக்கத்துக்காரியிடம் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. என் அம்மாவோ ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற ரகம். அடுத்த பாட்டு கிளம்பியபோது தாம்பூலத் தட்டு வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் வந்த வரன்களும் “முறிஞ்ச இடமாமே” என்று நழுவின. அக்கா வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். அண்ணாச்சியும் எங்கள் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டார். தன்னால்தான் கெட்டது என்று அவருக்கு எண்ணம்.

ஒருவழியாகப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த வீட்டில் சம்பந்தம் கூடி, குற்றாலத்தில் கல்யாணம் என்று முடிவானது. சேதி கேட்டதும் அண்ணாச்சி என் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“ஏலே, மதுரைக்குக் கெளம்பு. மிக்சர்னு ஒரு பெட்டி வந்திருக்காம். ரெண்டு பிளேயர அதுல மாட்டிட்டா, ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்தத ஏத்திரலாம். கேப்பே கெடையாது. இந்தத் தடவ ஒங்கக்கா கல்யாணம் நடக்கும், பாரு.”

மதுரைக் கடைக்காரர் மரியாதையாகத்தான் விசாரித்தார். “வீட்டுக்கா, ஸ்டூடியோவுக்கா, விழாவுக்கா?”

“சண்டைக்கு” என்றார் அண்ணாச்சி.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அண்ணாச்சி வைத்த பரீட்சை எளிமையானது. கடைக்காரர் பாட்டை ஓடவிட்டு என்னோடு சண்டை போட வேண்டும். இவர் வாசலில் நின்று காதில் விழுகிறதா என்று பார்ப்பார். கடைக்காரர் கூச்சத்தோடு, “உங்க சட்டை நல்லாயில்ல” என்று ஆரம்பித்தார். நான் அவர் கடையைப் பற்றி ஒன்று சொன்னேன். அவர் தென்காசியைப் பற்றி ஒன்று சொன்னார். அதற்குமேல் நடந்தது நடிப்பில்லை.

வீட்டுக்கான சின்னப் பெட்டியை அண்ணாச்சி ஒதுக்கினார். “இது புருசன் பொண்டாட்டி சண்டைக்குத்தான் தாங்கும்.” ஸ்டூடியோப் பெட்டியில் நிறையத் திருகுகள். “எதத் திருகணும்னு நா தேடி முடிக்கதுக்குள்ள அடிதடி ஆயிரும்.” மூன்றாவது, கனமான இரும்புப் பெட்டி, பெரிய குமிழ் இரண்டே இரண்டு. அண்ணாச்சி முகம் மலர்ந்தது. ஆனாலும் மேசைமேல் இருந்த தம்ளர் தண்ணீரில் விரல்களை நனைத்து அதன்மேல் தெளித்தார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கோவப்படாதீய. குத்தாலத்துச் சாரல் இதவிடப் பொல்லாதது” என்றார் அண்ணாச்சி. பெட்டி நிற்காமல் பாடியது. அதையே வாங்கினோம்.

கல்யாணத்தன்று, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். தன்னைச் சந்தனம் கொடுத்து வரவேற்கவில்லையாம். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாய் திறந்ததைப் பார்த்ததுமே அண்ணாச்சி ஒரு குமிழை இறக்கி மற்றதை ஏற்றினார். ஒரு பாட்டின் வால் அடங்குமுன் அடுத்ததன் தலை வந்தது. மாமன் கத்தினார், கையை வீசினார், துண்டை உதறினார். ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்து என் அப்பா அவரைக் கும்பிட்டுச் சிரித்தார். அம்மா என்னிடம் ஏதோ கேட்டாள். நல்லவேளை, அதுவும் கேட்கவில்லை. மாமன் தொண்டை கட்டிப்போய் உட்காரவும் கெட்டிமேளம் கொட்டவும் சரியாக இருந்தது. அக்கா கழுத்தில் தாலி ஏறியது. நான் அழுதுவிட்டேன்.

பந்தி முடியும் நேரத்தில் அக்கா மாலையோடு நேராக மைக்செட் பக்கம் வந்தாள். அவள் பேசியது அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, தயங்கித் தயங்கி, இரண்டு குமிழையும் இறக்கினார்.

“சாப்பிட்டீயளா அண்ணாச்சின்னு கேட்டேன்.”

“நா வந்தா பாட்டு நின்னுரும்லாம்மா.”

“நிக்கட்டும், வாங்க” என்று அவளே இலை போட்டாள்.

பாட்டே இல்லாமல் ஒரு மனிதர் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். சுற்றி இருந்தவர்களின் வாயை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். யாரும் சண்டை போடவில்லை. மறுசோறு கேட்டார்.

பின்னால் என் கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டேன். பெண் வீட்டார் யாரும் வாயே திறக்காதவர்கள். சண்டைக்கு வழியே இல்லை. அவர் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.