சொன்ன சொல் தட்டாத வீடு

"ஈவினிங் மோட், ஆக்டிவேட்!"

ராமபத்ரன் ஹாலின் நடுவில் நின்று உத்தரவு போட்டார். ஹால் விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அடுக்களையில் மிக்ஸி கடகடவென்று ஓடியது.

ராமபத்ரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோபாவில் உட்கார்ந்திருந்த மகன் கேசவ் புருவத்தை உயர்த்தினான்.

"இதுதான் ஈவினிங் மோடாப்பா?"

"சித்த இருடா. மழைக்காலமோன்னோ, அதுக்கும் ஜலதோஷம் பிடிச்சிருக்கும்."

விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனால் விஷயம் விளையாட்டில்லை. மட்டாஞ்சேரியில் இருக்கிற இந்த ஓட்டு வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று கேசவும் அவன் மனைவி ஸாதனாவும் ஒற்றைக்காலில் நின்றார்கள். வயசான இரண்டு பேர், பழைய கதவு, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. திருடன் வந்தால் என்ன செய்வீர்கள்? வெலிங்டன் தீவில் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராமபத்ரனுக்குப் பதினாலாவது மாடியில் போய் உட்கார்ந்து ஆகாசத்தை வெறித்துப் பார்க்க மனசில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு. திருட்டு அலாரத்தை வீட்டு விளக்கு, வாசல் பூட்டு எல்லாவற்றோடும் இணைத்து, அது ஒழுங்காக வேலை செய்வதைக் காட்டிவிட்டால் கேசவ் விற்கிற பேச்சையே எடுக்க மாட்டான். காட்ட முடியாவிட்டால் அடுத்த மாசமே புரோக்கர்.

மூன்று மாசத்துக்கு முன்னால் தோப்பும்படியிலிருந்து யூசுப் என்ற பையன் வந்து எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தான். முதல் வாரம் மெஷின் சண்டித்தனம் செய்தது. ராமபத்ரனே செட்டிங்கில் எதையோ அமுக்கி, பெட்டியின் தலையில் இரண்டு தட்டும் தட்டினார். அன்றிலிருந்து அது சொன்ன சொல் தட்டியதில்லை. அந்தத் தெம்பில், ஹாலில் இருந்த சுவிட்சுகளையெல்லாம் கழற்றி எறிந்தார். வீட்டு விளக்குகளுக்கும் சைரனுக்கும் சேர்த்து அடுக்களைக்குப் பின்னால் இருந்த பழைய சுவிட்சுப் பலகை மட்டும் அப்படியே கிடந்தது.

மெஷின் முதலில் பெண் குரலில் பதில் பேசும். "நீங்கோ கூப்பிட்டா இன்னொருத்தி என்ன ஏன்னு கேக்கறது நேக்குப் பிடிக்கலை" என்று மனைவி கனகாம்பாள்தான் அந்தக் குரலை நிறுத்தச் சொல்லிவிட்டாள். மெஷின் வந்த பிறகு அவள் கொஞ்சம் இளைத்தும் போயிருந்தாள். வேலை குறைந்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டார் ராமபத்ரன். வேலை குறைந்தால் உடம்பு பெருக்கத்தானே வேண்டும் என்று அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கென்று பார்த்து அவளும் வீட்டில் இல்லை. சுள்ளிக்கல்லில் இருக்கிற அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது என்று காலையிலேயே கிளம்பியவள், வேலைக்கு வரும் மாயம்மாளிடம் ரொம்ப நேரம் குசுகுசுவென்று எதையோ சொல்லிவிட்டுப் போனாள். சமையல் விஷயமாக இருக்கும். வல்லார்பாடத்துக்கு ஆபீஸ் வேலையாக வந்த கேசவ், சொல்லாமல் கொள்ளாமல் பரீட்சை வைக்க வந்து உட்கார்ந்துவிட்டான்.

"நெட்டுதான் தகராறு" என்று சொல்லி, ராமபத்ரன் நெட் பெட்டியை அணைத்துப் போட்டார். மிக்ஸி நின்றது. அவருக்கு உயிர் வந்தது.

"பாத்தியா? இப்போ பாரு. ஆல் க்ளியர்!"

வீடே அதிரும்படி சைரன் அலறியது. ராமபத்ரன் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்து, திருடன் புகுந்துவிட்டானா என்று மலையாளத்தில் விசாரித்தது.

"எந்தா சுவாமி, கள்ளன் கேறியோ?"

"ஏய், ஒண்ணுமில்லா சேட்டா, டெஸ்ட்!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, "ஸ்டாப்! கேன்சல்! டீ-ஆக்டிவேட்!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினார்.

மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் நின்றது. வீடு மொத்தமும் இருண்டது. சைரன் மட்டும் பேட்டரி தயவில் ஊளையிட்டது.

கேசவ் போனை எடுத்தான். "போறும்பா. திருடன் வந்தா அவனே பயந்துபோய் லைட்டைப் போட்டுக் குடுத்துட்டுப் போவான். நான் ஸாதனாகிட்ட சொல்லிடறேன். அடுத்த மாசம் வீட்டைப் பாக்க ஆள் வரும்."

ராமபத்ரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இங்கிலீஷும் மானமும் ஒன்றாகப் போய்விட்டன. இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா தாயே, நன்னா இருப்பே. அந்தச் சங்கை நிறுத்தும்மா! ஹால்ல லைட்டைப் போடும்மா!"

சைரன் சட்டென்று நின்றது. ஹால் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, இதுக்குத் தமிழ் தெரியுமா?"

"பின்னே? நம்மாத்து மெஷினோன்னோ!" என்றார் ராமபத்ரன். அவருக்கே அது புதுச் செய்தி. நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார். "திருடன் வந்துட்டான்! எல்லா லைட்டையும் போடு! வாசக்கதவைப் பூட்டு!"

சைரன் கிளம்பியது. ஒவ்வோர் அறையிலும் விளக்கு எரிந்தது. தடதடவென்று ஒரு சத்தம் பக்கத்துச் சந்து வழியாக வாசலுக்குப் போயிற்று. வாசல் கதவு 'டக்'கென்று வெளியிலிருந்து பூட்டிக்கொண்டது.

கேசவ் எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"அதென்னப்பா தடதடன்னு?"

"மோட்டார்டா. பூட்டற மோட்டார்." மறுபடியும் குரலை உயர்த்தினார். "திருடன் போயிட்டான்!"

கதவு திறந்தது. மோட்டார் தடதடவென்று பின்பக்கம் போயிற்று. சைரன் நின்றது. விளக்குகள் அணைந்தன.

கேசவ் தானே ஸாதனாவை வீடியோவில் கூப்பிட்டான். "இங்கே பாரு, அப்பா ஜெயிச்சுட்டார். வீட்டை விக்கற பேச்சு இனிமே கிடையாது. நானே அசந்து போயிட்டேன்."

ராமபத்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு தங்கியது! அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மருமகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீயும் பாரும்மா ஸாதனா. திருடன் வந்துட்டான்!"

வந்தான். கதவு பூட்டிக்கொண்டது.

"போயிட்டான்!"

போனான். கதவு திறந்தது.

"வந்துட்டான்!"

இந்தத் தடவை விளக்கு கொஞ்சம் தாமதமாக எரிந்தது. மோட்டார் தடதடவென்று ஓடாமல் தொப்புத் தொப்பென்று நடந்தது.

"சூடாயிடுத்து போலிருக்கு" என்றார் ராமபத்ரன். "போயிட்டான்! ... மறுபடியும் வந்துட்டான்!"

விளக்கு எரியவில்லை. சைரனும் இல்லை. அடுக்களைக் கதவு திறந்தது. தலைமுடி கலைந்து, வேர்வை வழிய, நிலையைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மாயம்மாள் நின்றாள்.

"சாமி, அந்தத் திருடனை ஒரே தடவையா வந்துட்டுப் போகச் சொல்லுங்க. மூணு மாசமா மாமி இந்த சுவிச்சுப் பலகைக்கும் வாசலுக்கும் எப்படித்தான் ஓடினாங்களோ, எனக்கு ஒரே நாள்ல உசுரு போகுது!"