எண்ணெய் தேய்த்த விமானி

எனக்கு வெட்கம் அதிகம். பாசாரில் மீன்காரர் என்ன விலை சொன்னாலும் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். பேரம் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே. அப்படிப்பட்ட நான், கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கின் பின்பக்கம், பட்டப்பகலில், ஜன்னல் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் புருஷனைக் குளிப்பாட்டியிருக்கிறேன். அதுவும் அவர் விமானி ஆவதற்காக. (நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். அவரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் ரயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரராம். அப்பா தவறிப்போனதும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். ஒருநாள் பேப்பரில் ஒரு விமானக் கம்பெனி விளம்பரம் போட்டிருந்தது. ஆளெடுத்து அவர்களே பயிற்சி கொடுப்பார்களாம். ஆனால் முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. இவருக்கு அந்த வருஷத்தை விட்டால் வேறு வருஷம் இல்லை.

செய்தி கேட்டு, கிள்ளானில் இருந்த என் நாத்தனார் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, ரயிலுன்னா தண்டவாளம் இருக்கு, அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போகும். ஆகாயத்துல உனக்கு யாரு தண்டவாளம் போட்டு வச்சிருக்கா?"

"அக்கா, தண்டவாளம் எங்க இழுக்குது? இன்ஜின்தான் இழுக்குது."

"அப்புறம் உள்ள உக்காந்துக்கிட்டு நீ என்னதான் பண்றே லா?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிட்டார். எழுத்துப் பரீட்சையில் பாஸ் செய்தார். நேர்முகத் தேர்விலும் பாஸ் செய்தார். மிச்சம் இருந்தது டாக்டர் பரிசோதனை மட்டும்தான். "கண்ணைத்தான் ரொம்பப் பாப்பாங்களாம்" என்றார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். இன்ஜின் சூட்டிலும் இரவு வேலையிலும் செக்கச்செவேல் என்று இருந்தது. பரிசோதனை நாளோ புதன்கிழமை. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் புதனையும் சனியையும் விட்டால் வேறு நாள் ஏது? கடவுளே பார்த்துப் போட்டுக்கொடுத்த நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மணையைப் போட்டு உட்கார வைத்தேன். நல்லெண்ணெயை மிளகு போட்டுக் காய்ச்சி, உச்சந்தலையில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை தேய்த்தேன்.

"போதும் பாக்கியம். மீன் வறுக்கிற மாதிரி ஊத்துறியே."

"சும்மா இருங்க. சூடு இறங்க வேணாமா?"

கடைசியாக இரண்டு கண்ணிலும் விளக்கெண்ணெய் விட்டேன். ஒரு சொட்டு போதும். நான் கொஞ்சம் தாராளமாக விட்டேன். சீயக்காயைப் பேருக்குத்தான் போட்டேன். எண்ணெயை முழுசாக எடுத்துவிட்டால் பலன் போய்விடும் என்று எனக்கு ஓர் எண்ணம். (யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை.)

நானும் கூடப் போகவேண்டியதாயிற்று. ஏனென்றால் அவருக்குப் பஸ் நம்பர் தெரியவில்லை. கண்பரிசோதனைக்குப் போகிற மனிதருக்குப் பஸ் நம்பர் தெரியவில்லையே என்று அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பியைப் பிடித்தால் அவர் கை வழுக்கியது. வெள்ளைச் சட்டையின் காலர், பலகாரம் மடித்த காகிதம் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

கிளினிக்கில் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்களாக, டை கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். இவரும் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். எண்ணெய்க் குளியல் தூக்கம் எப்படி என்று தெரியுமல்லவா, இடி விழுந்தாலும் கலையாது. குறட்டை வேறு. எனக்கு அவரைத் தெரியாதது போல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் நர்ஸ் வந்து தோளை உலுக்கித்தான் உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவர் வாயால் கேட்டதுதான். நெஞ்சில் சின்னச் சின்னக் கிண்ணங்களை ஒட்டவைத்து இதயம் அடிப்பதைப் படம் எடுப்பார்களாம். ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் முதல் கிண்ணம் வழுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிட்டதாம். சரி, கண்ணைப் பார்க்கலாம் என்று நிற்கவைத்து, "எழுத்தைப் படியுங்கள்" என்றாராம் டாக்டர். இவர், "எழுத்து எந்தச் சுவத்துல இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

சற்று நேரத்தில் அந்த நர்ஸ் வெளியே வந்தார். அன்னம்மா என்று பெயர், நம்ம ஆள்தான்.

"நீங்கதான் அவரோட வைஃபா? நேத்து ராத்திரி ரொம்பப் போட்டுட்டாரா அக்கா?"

"என்னத்த போட்டுட்டாரு?"

"தண்ணிதான். கண்ணு செவந்திருக்கு, நின்னுக்கிட்டே தூங்குறாரு. டாக்டர் ஃபெயில்னு எழுதப் போறாங்க. அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் கம்பெனிக்குப் போயிரும்."

தீபாவளிக்குக்கூட ஆரஞ்சுத் தண்ணீர் குடிக்கிற மனிதர். அவரைக் குடிகாரர் என்று எழுதப் போகிறார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. என் கால் எப்படி எழுந்தது என்று தெரியவில்லை, கதவைத் தட்டாமல் உள்ளே போய் நின்றேன். டாக்டர் ஒரு சீன அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் பாசார் மலாய்தான்.

"டாக்டர், டியா தாக் மினும். சாயா தாரோ மின்யாக்." (அவர் குடிக்கலை, நான்தான் எண்ணெய் வச்சேன்.)

டாக்டர் என்னைப் பார்த்தார். மேசை மேல் மினுமினுத்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தார். "மாத்தா புன்?" என்று கேட்டார். கண்ணிலுமா என்று.

"மாத்தா புன்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேனே என்று பயந்துபோனேன். பார்த்தால், சிரிப்பு. அன்னம்மாவிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார்.

"நாலு மணி வரைக்கும் டைம் தராங்க. எண்ணெய எல்லாம் எடுத்துட்டுக் கூட்டிட்டு வரணுமாம்" என்றார் அன்னம்மா.

கிளினிக்கின் பின்னால், காண்டீன் பக்கத்தில், பாத்திரம் கழுவுகிற குழாய் ஒன்று இருந்தது. காண்டீன் நடத்திய மலாய்க்கார அம்மா துணி துவைக்கிற கட்டி சோப்பும், தன்னுடைய சாரோங் ஒன்றும் கொடுத்தார். சாரோங்கில் பெரிய பெரிய செம்பருத்திப் பூ. அதைக் கட்டிக்கொண்டு விமானி குழாயடியில் குந்தினார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பானையடிக் கரியைத் தேய்ப்பது போல் தேய்க்க ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால், மாடி ஜன்னல் முழுக்க டை கட்டிய தலைகள்.

"பாக்கியம், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். குனிங்க."

மேலேயிருந்து ஒரு குரல், "அக்கா, முதுகு விட்டுப்போச்சு" என்றது. கிள்ளான் பையன் ஒருவன், சுகுமார் என்று பெயர். கூட இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கையில் சோப்போடு அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்: "இவர முடிச்சிட்டு அடுத்து உன்னத்தான் தம்பி. சட்டையக் கழட்டிட்டு எறங்கி வா."

ஜன்னல் காலியாகிவிட்டது.

கண்ணில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவி, காண்டீனில் கடுங்காப்பி வாங்கிக் குடிக்கவைத்து, நாலு மணிக்கு உள்ளே அனுப்பினேன். கதவு திறந்தே இருந்ததால் இந்த முறை நானே பார்த்தேன். பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை ஒரே மூச்சில் படித்தார். படித்து முடித்ததும் நிறுத்தவில்லை. அட்டையின் அடியில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்த பிரஸ் விலாசத்தையும் படித்தார்.

"அது வேணாம்" என்றார் டாக்டர்.

கிண்ணங்கள் இப்போது நன்றாக ஒட்டிக்கொண்டன. பிடுங்கி எடுக்கவேண்டியிருந்தது, வட்ட வட்டமான தடம் அடுத்த சனிக்கிழமை வரை போகவில்லை. இருபது வயதுப் பையனுடைய இதயம் என்றாராம் டாக்டர். (எண்ணெய்க் குளியல்தான் காரணம் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.)

பாஸ். பயிற்சி முடித்து, மீசையில் முதல் நரை தெரிகிற நேரத்தில் தோளில் கோடு வைத்த விமானிச் சட்டை போட்டார். அவர் பினாங்குக்கு ஓட்டிய விமானத்தில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து ஆட்களிடம் எல்லாம், "முன்னால ஓட்டுறது என் தம்பி. தண்டவாளமே கிடையாது பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று ஜன்னலில் நின்ற பையன்களில் பாதிப்பேர் இவரோடு சேர்ந்தே பறக்கப் போனார்கள். அவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று, "அக்கா, நான் வீட்லயே குளிச்சிட்டேன் அக்கா" என்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்கூட அதே பாட்டுத்தான். போன மாதம் காஜாங்கில் ஒரு கல்யாணத்தில் கேப்டன் சுகுமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதையே சொன்னார்.

"எங்க, காதுக்குப் பின்னால காட்டு பாக்கலாம்" என்று கிட்டப் போனேன். அத்தனை பெரிய கேப்டன், பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து ஓடினார்.