சிவப்பு நாற்பத்தொன்று

பிளாரன்ஸில் ரயிலைவிட்டு இறங்கியதுமே சவேரியோ சபதம் போட்டுவிட்டார். டாக்சி கிடையாது. யாரிடமும் வழி கேட்பதும் கிடையாது. பாரி ஊர் மீன்சந்தையில் கூடை சுமந்து, கத்திக் கத்தியே மொத்த வியாபாரியான மனிதர். புது ஊரில் வாயைத் திறந்து வழி கேட்டவன் தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்பது அவர் கட்சி.

ஒரு மணிக்குச் சம்பந்தியம்மா ஒர்தென்சியா வீட்டில் சாப்பாடு. மனைவி நுன்சியாதான் போனில் பேசி நேரம் குறித்திருந்தாள். மகள் மரிலேனாவின் கல்யாணம் பாரியிலா, மாப்பிள்ளை ஊரான பிளாரன்ஸிலா என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில் முடிவாக வேண்டும்.

"பாரியில வெச்சா உங்க சொந்தம் மொத்தமும் நம்ம வீட்லதான் வந்து படுக்கும். ஆக்கிக் கொட்டுறது யாரு?" என்று நுன்சியா ஒரு மாதம் மல்லுக்கு நின்றாள். பிறகு ஒருநாள் வாயை மூடிக்கொண்டாள். தன் குரலுக்கு அடங்கிவிட்டாள் என்று சவேரியோ மீசையை முறுக்கினார்.

"எட்டி நடை போடு," என்று இப்போது அவளை விரட்டினார். "லேட்டாப் போனா மன்னிப்புக் கேக்கணும். மன்னிப்புக் கேட்டுக்கிட்டே படியேறுறவன் என்னத்தைப் பேரம் பேசுவான்?"

"பாஸ்தாவும் குழைஞ்சு போயிடும்," என்றாள் நுன்சியா.

அவர் நடையில் வேகம் கூடியது. விருந்தாளி வரும் நேரம் பார்த்துத்தான் கொதிநீரில் பாஸ்தாவைப் போடுவார்கள். அதைக் குழையவிட்டவனை அந்த வீடு செத்தாலும் மன்னிக்காது.

பாலத்தைத் தாண்டினார்கள். சந்து சந்தாக நுழைந்தார்கள். வெளியே வந்தால் அதே ஆறு, அதே பாலம்.

"இது வேற ஆறுங்களா?"

"பேசாம வா."

ஒருவழியாகத் தெரு கிடைத்தது. சம்பந்தி வீட்டு எண்ணான நாற்பத்தொன்றும் கிடைத்தது. அது சவரக்கடை. சவேரியோ புயலாக நுழைந்தார்.

"ஒர்தென்சியா அம்மா எங்க?"

"இங்க பொம்பளைங்களுக்கு வெட்டுறதில்லைங்க," என்றார் கடைக்காரர்.

"நாப்பத்தொண்ணுக்கு வந்தா வீட்டைக் காணோம். எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கே?"

"இது சிவப்பு நாப்பத்தொண்ணு. சிவப்பு நம்பர் கடைக்கு, கறுப்பு நம்பர் வீட்டுக்கு. கறுப்பு நாப்பத்தொண்ணு தெருவோட அந்தக் கோடி."

"ஒரே தெருவுல ரெண்டு நாப்பத்தொண்ணா? எந்தக் கிறுக்கன்யா எண்ணினான்?"

"அண்ணே, மெதுவாக் கத்துங்க," என்றது நாற்காலியில் இருந்த நுரை முகம். "கத்தி என் கழுத்துல இருக்கு."

மாதா கோயில் கடிகாரம் ஒரு மணி அடித்தது.

சவேரியோ திரும்பிப் பார்த்தார். நுன்சியா ஏற்கெனவே அந்தக் கோடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாத நடை. அவர் அவளைத் தாண்டி ஓடினார். படியேறினார். கதவு திறந்தது. ஒர்தென்சியா நின்றாள்.

"மன்னிக்கணும் சம்பந்தியம்மா. தப்பு முழுக்க என்னோடது. பாஸ்தா கூழாகியிருக்கும். இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் என்ன பேச? கல்யாணத்தை உங்க ஊர்லயே வெச்சுக்கலாம். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினா என்னைக் கேளுங்க."

ஒர்தென்சியா முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணா. ஆனா மன்னிப்பு எதுக்கு? ரெண்டு மணிக்கு வர்றோம்னுதானே நுன்சியா சொன்னா? நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கலை."