புதுநன்மை அன்று நான் ஓடிய ஓட்டம்

கோயிலின் நடுப்பாதையில் பெரியவர்கள் ஓடக்கூடாது. இதை யாரும் எங்கும் எழுதி ஒட்டுவதில்லை. யாரும் ஓடுவதில்லை என்பதால் தேவைப்படவில்லை. விழுப்புரத்தில் என் கணவர் வீட்டார் போகிற மாதா கோயிலில் மட்டும் அப்படி ஒன்று எழுதி ஒட்டினால் தேவலை என்று, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிலருக்குத் தோன்றியிருக்கும். (பேர் போடாமல் ஒட்டினாலும் யாருக்காக என்று அந்தக் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்.)

அப்போது என் மகள் ஜெனிக்கு எட்டு வயது. அவள் அப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக். நானும் ஜெனியும் திண்டிவனத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். தெருமுனையில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஆறு வயதிலிருந்தே ஜெனிக்கு ஓயாத வயிற்றுவலி, உடம்பெல்லாம் அரிப்பு. அரிப்பினால் தூக்கமில்லை, தூக்கமில்லாததால் பகலெல்லாம் அழிச்சாட்டியம். புதுச்சேரியில் ஒரு டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, கோதுமை ஒரு துணுக்குகூட ஆகாது என்று உறுதியாகச் சொன்னார். பாலையும் கலர் போட்ட தின்பண்டங்களையும் கொஞ்ச காலம் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்துக்கொண்டது.

பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்று தெரிந்த அன்று, சாம்பாரும் ரசமும் எங்கள் எதிரிகளாயின. ஹோட்டல், கல்யாணம், கருமாதி எல்லாம் ஒரே அடியில் ஒழிந்தன. கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று மல்லாட்டையையும், அதாவது வேர்க்கடலையையும், நிறுத்தினேன். திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு மல்லாட்டையை நிறுத்துவது கடலில் குடியிருந்துகொண்டு உப்பை நிறுத்துவது மாதிரி. வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஊர் அது.

குழந்தை தனியாகச் சாப்பிடக்கூடாது என்று நானும் அதையே சாப்பிட்டேன். கேப்பை அடை, இட்லி, பெருங்காயம் போடாத குழம்பு, பால் இல்லாத டீ. பள்ளியில் மற்ற டீச்சர்கள் டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு கரண்டி மாற்றிக்கொள்ளும்போது நான் ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுவேன். முதலில் கேட்டுப் பார்த்தார்கள். நான் ஒவ்வொன்றிலும் என்னென்ன போட்டிருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்ததும் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஜெனிக்குப் பிறந்தநாள் விழா அழைப்புகளும் நின்றுபோயின. கீழ்வீட்டு அக்கா விசேஷத்துக்குத் தட்டு அனுப்பி, அது மூடியது மூடியபடியே திரும்பி வந்ததில் மனம் நொந்து, படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. பால்காரரையும் நிறுத்திவிட்டதால் காலையில் பேசக்கூட ஆள் இல்லை. லீவு நாளில், ஜெனியைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்காமலே சாயங்காலம் வந்துவிடும். குவைத்திலிருந்து போன் வரும். "நீ டென்சன் ஆவாத" என்பார். அதோடு லைன் கட்டாகிவிடும். டென்ஷன் ஆவதற்கும் நான் ஒருத்திதான், ஆகாமல் இருப்பதற்கும் நான் ஒருத்திதான்.

ஜெனி அழுதால், கத்தினால், பென்சிலை எறிந்தால், எனக்கு ஒரே கேள்விதான். "என்ன தின்ன?"

இந்த நிலைமையில்தான் புதுநன்மை வந்தது. பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அப்பா ஊர்க் கோயிலில்தான் வாங்க வேண்டும் என்று என் நாத்தனார் ஸ்டெல்லா ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஜெனியை விழுப்புரத்துக்கு, உபதேசியார் நடத்தும் ஞானோபதேச வகுப்புக்கு அழைத்துப் போனேன். நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது ஒரு பஸ் பயணத்தின் நடுவில்தான். இறங்கியதும் நேரே அந்தக் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன்.

அவர் இளம் வயதுக்காரர், பதறவில்லை. "இதுக்கு வழி இருக்கும்மா. அப்பத்துக்குப் பதிலா திராட்சை ரசம் மட்டும் வாங்கலாம். ஜெனிக்குன்னு தனியா ஒரு சின்னக் கிண்ணம் வச்சிடுறேன். நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

கவலைப்படாதீர்கள் என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் இதுவரை ஜெயித்ததில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவத்தியோடு ஜெனி மற்ற பிள்ளைகளுடன் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் அரக்கு நிறப் பட்டுப் புடவையில், நடுப்பாதை ஓரமாக உட்கார்ந்தேன். ஸ்டெல்லா தன் போனில் வீடியோ கால் போட்டு, குவைத்துக்கு நேரடி ஒளிபரப்பு நடத்திக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. பூசைக்கு வந்தவர் எங்கள் சாமியார் இல்லை. வானூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான சாமியார்.

"நம்ம ஃபாதர் எங்க?" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"அவருக்கு ராத்திரிலேர்ந்து காய்ச்சலாம் அண்ணி."

"இவருக்கு ஜெனி விஷயம் தெரியுமா?"

"உபதேசியார் சொல்லியிருப்பாரு. நீ பேஜார் பண்ணாம கும்பிடு."

சொல்லியிருப்பார் என்றால் சொன்னார் என்று அர்த்தமா? பிரசங்கம் முழுக்க இதையே யோசித்தேன். (பிரசங்கம் எதைப் பற்றி என்று இன்றுவரை தெரியாது. நம்பிக்கையைப் பற்றி என்று ஸ்டெல்லா சொல்கிறாள்.)

பிள்ளைகள் வரிசையாக எழுந்து போனார்கள். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சாமியார் அப்பத்தை உயர்த்த, "ஆமென்" சொல்லிப் பிள்ளை வாயைத் திறக்க, அடுத்தது, அடுத்தது. ஜெனியின் முறை வந்தது. சாமியார் பாத்திரத்திலிருந்து ஓர் அப்பத்தை எடுத்தார். உயர்த்தினார். ஜெனி வாயைத் திறந்தாள்.

எழுந்தது எனக்கு நினைவில்லை. ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

"ஃபாதர்! கோதுமை!"

கோயில் மொத்தமும் திரும்பியது. பாட்டுக்குழு 'ஆ'வில் நின்றது. ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் புடவை காலில் மாட்டி, பூச்சாடி ஒன்றைத் தள்ளிவிட்டு, பீடத்தின் முன்னால் மண்டியிட்ட மாதிரி போய் விழுந்தேன். (பக்தியில் விழுந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் ஏற்கவில்லை.) விழுந்தவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அவளுக்குக் கோதுமை ஆவாது ஃபாதர், மைதா ஆவாது, பால் ஆவாது, கலர் ஆவாது, கூட்டுப் பெருங்காயம் ஆவாது..."

சாமியார் அங்கியில் மைக் மாட்டியிருந்தது. பெருங்காயம் வெளி ஒலிபெருக்கி வழியாக பஸ் நிறுத்தம் வரைக்கும் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

வயதான சாமியார் அப்பத்தைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, என்னைக் குனிந்து பார்த்தார். "இதுல பெருங்காயம் போடுறதில்லம்மா" என்றார்.

அதுவும் மைக்கில்தான்.

கோயில் சிரித்தது. கோயில் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு அவர் சின்னக் கிண்ணத்தை எடுத்து ஜெனிக்குக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. திரும்பி, கண்ணீர் கவுனில் சொட்டச் சொட்ட, நேராக நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு எழுந்திருக்கக் கை கொடுத்தது உபதேசியார்.

ஸ்டெல்லா வீட்டில் பிரியாணி, கேக், முப்பது நாற்பது உறவுக்காரர்கள். ஜெனி உள்ளறைக்குள் போய் பூ முடியைப் பிய்த்து எறிந்தாள். கதவை உதைத்தாள். ஸ்டெல்லாவின் மகள் போய்க் கூப்பிட்டதற்குத் தலையணையால் அடித்தாள்.

"கேக்கு கீக்கு ஏதாச்சும் தின்னுட்டாளா அண்ணி?" என்றாள் ஸ்டெல்லா கிசுகிசுப்பாக.

உள்ளே போய்ச் சோதனையை ஆரம்பித்தேன். கையை முகர்ந்தேன், கையில் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், வாயைத் திறக்கச் சொன்னேன். "என்ன தின்ன? யார் குடுத்தாங்க? உண்மையச் சொல்லு."

"நான் ஒண்ணும் திங்கல!" ஜெனி கத்திய கத்தலில் வெளியே பிரியாணிப் பேச்சு நின்றது. "இது அலர்ஜி இல்ல. கோவம். எனக்கு உம்மேல கோவம்!"

"அந்த ஃபாதர் அப்பத்தக் குடுக்க வந்தாரு, நீ வாயத் தொறந்த..."

"திங்கறதுக்கா தொறந்தேன்? 'எனக்குக் கிண்ணம் ஃபாதர்'னு சொல்றதுக்குத் தொறந்தேன். நம்ம ஃபாதர் சொல்லிக் குடுத்திருக்காரு. தெனம் கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன். நான் சொல்றதுக்குள்ள நீ வந்துட்ட."

கிண்ணம் ஒரு பிள்ளைக்கு என்று உபதேசியார் அந்த வயதான சாமியாரிடம் சொல்லித்தான் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. எந்தப் பிள்ளை என்பதுதான் சாமியாருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவள் ஜெனி. சொல்லவும் வாயைத் திறந்தாள். எட்டு வயதில் அவள் தனியாகச் செய்யவிருந்த முதல் பெரிய காரியத்தின் நடுவில்தான் நான் பூச்சாடியோடு போய் விழுந்திருக்கிறேன்.

எங்கள் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்தேன். உள்ளே எல்லாரும் என் குரலில் "பெருங்காயம் ஆவாது" சொல்லிச் சிரிப்பது கேட்டது. நான் அடையைப் பிட்டுப் பிட்டு வைத்தேன், தின்னவில்லை. இரண்டு வருஷமாக அவள் அழுத அழுகையெல்லாம் தட்டில் இருந்துதான் வந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பிறந்தநாளுக்கு யாரும் கூப்பிடாத அன்று அழுதது? அப்பா போன் கட்டான அன்று பென்சிலை எறிந்தது? அன்றைக்கெல்லாம் நான் கேட்டது, என்ன தின்ன. நான் கணக்கு டீச்சர் வேறு.

சாயங்காலம் பஸ்ஸில் ஜெனி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வண்டி கிளம்பும் முன் வறுத்த மல்லாட்டைக்காரர் ஏறினார்.

"டாக்டர் மல்லாட்டைய வேணாம்னு சொன்னாரா, நீ சொன்னியா?" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி.

"நான்தான்."

"முன்னாடி தின்னப்ப எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ஆவல."

இரண்டு பொட்டலம் வாங்கினேன். திண்டிவனம் வரும்வரை இருவரும் உரித்துத் தின்றோம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஜெனிக்குப் பதினான்கு. பால் மெல்ல மெல்லத் திரும்ப வந்துவிட்டது. கோதுமை வரவில்லை, இனி வராது. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அவளே கேட்டுக்கொள்கிறாள், என்னைவிடச் சுருக்கமாக. நான் ஓடியதை அவள் நடித்துக் காட்டுவதுதான் எங்கள் குடும்ப விசேஷங்களின் முக்கிய நிகழ்ச்சி. வருஷத்துக்கு வருஷம் என் வேகம் கூடிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு பூச்சாடிதான் இருந்தது, இப்போது மாதா சொரூபத்தைத் தள்ளிவிடுவது வரைக்கும் வந்துவிட்டாள்.

ஆனால் விழுப்புரத்துக்காரர்களின் குறும்பு வேறு மாதிரி. நற்கருணை வரிசையில் சாமியாருக்கு முன்னால் போய் நின்றதும், வாயைத் திறக்கும் முன்னால் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வாங்கலாமா என்று புருவத்தைத் தூக்குவார்கள். ஸ்டெல்லா ஆரம்பித்தாள், அவள் வீட்டுக்காரர் தொடர்ந்தார், பிள்ளைகள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். லீவில் வந்தபோது என் கணவரும். என் மாமனார் மட்டும் அதிகம் பேசாதவர். ஜெனியின் சாப்பாட்டைப் பற்றியோ, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியோ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன கிறிஸ்துமஸ் பூசையில் அவர் தடியை ஊன்றி வரிசையில் நகர்ந்து போனார். சாமியார் அப்பத்தை உயர்த்தினார். மாமனார் மெதுவாக உடம்பு மொத்தத்தையும் திருப்பி, மூன்றாம் வரிசையில் இருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நின்றார். பின்னால் வரிசையும் நின்றது.

நான் தலையை ஆட்டினேன். வாங்கிக்கொண்டார்.