வல்லார்பாடத்தில் ஒரு ரீஃபர் கேஸ்

டேட்டாபேஸ் நிர்வாகிகளுக்கென்று ஒரு திமிர் உண்டு. "எந்தக் கம்பெனியானால் என்ன, உள்ளே இருப்பது விவரம் அடுக்கிய டேபிள்தானே" என்போம். அதெல்லாம் நேர்காணல் அறையின் வாசல் வரைக்கும்தான். "எங்கள் துறையில் அனுபவம் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், திமிர் ஏசி காற்றில் ஆவியாகிவிடும்.

என்னுடையது அவ்வளவு தூரம்கூட வரவில்லை. மட்டாஞ்சேரி வீட்டிலேயே பயத்தில் கரைந்துவிட்டது.

நான் அதுவரை ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நோயாளிகள், மருந்துகள், பரிசோதனை முடிவுகள் என்று அத்தனை விவரங்களும் என் பொறுப்பில். ஆஸ்பத்திரியை வேறொரு குழுமம் வாங்கியதும் கணினி வேலையெல்லாம் பெங்களூருக்குப் போயிற்று. நான் போகவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், கொச்சித் துறைமுகத்தின் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் யார்டு நடத்தும் ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. 'கப்பல் துறை அனுபவம் விரும்பத்தக்கது' என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். என் கப்பல் அனுபவம், ஃபோர்ட் கொச்சியிலிருந்து வண்டிகளையும் ஆட்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் ஜங்காரோடு சரி. (அதிலேயே எனக்குத் தலை சுற்றும்.)

என் கணவர் மணி மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு ஏற்றுமதி செய்யும் கடையில் வேலை பார்ப்பவர். "பேடிக்காதே ராஜி, நான் இல்லையா" என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். சீல் என்றால் என்ன, யார்டு என்றால் என்ன, எல்லாம் மனப்பாடம் செய்தேன். மிளகு ஏறும் கண்டெய்னரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மிளகு ஏறாத கண்டெய்னரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

நேர்காணலில் இரண்டு பேர். அனிதா மேடம் கணினிப் பிரிவின் தலைவர். வர்கீஸ் சார் யார்டு மேலாளர். தூத்துக்குடியில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் என்னிடம் தமிழிலேயே பேசினார். அனிதா மேடத்தின் கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு வர்கீஸ் சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ரீஃபர் வந்தா என்ன செய்யணும்னு அறியுமோ?"

ஒரு நோயாளியை வேறு ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு அனுப்பினால் 'ரெஃபர் கேஸ்' என்போம். சார் அதைத்தான் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் பழைய வேலையை மதித்துக் கேட்கிறாரே என்று மனம் குளிர்ந்துவிட்டது.

"நல்லாத் தெரியும் சார். தினமும் பார்த்திருக்கேன். வந்த உடனே உள்ளே எடுத்துடணும், கேட்டில நிக்க விடக்கூடாது."

"கரெக்ட்."

"டெம்பரேச்சரை விடாம குறிச்சுக்கிட்டே இருக்கணும்."

"அதாணு முக்கியம்" என்று அனிதா மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார் சார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

"அப்புறம், கூட வந்தவங்ககிட்ட ஆறுதலா நாலு வார்த்தை பேசணும் சார். பயந்து போயிருப்பாங்க."

"யாரு, டிரைவரா?"

"இல்ல சார், குடும்பம். மனைவி, பிள்ளைங்க."

வர்கீஸ் சார் மிகவும் மென்மையாகச் சொன்னார்: "மேடம், ரீஃபர்னா ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர் வெச்ச கண்டெய்னர். உள்ளே இருக்கிறது இறால்."

அனிதா மேடம் குனிந்து கீழே எதையோ தேடினார். தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. இறாலின் மனைவி மக்களுக்கு ஆறுதல் சொன்ன முதல் டேட்டாபேஸ் நிர்வாகி நானாகத்தான் இருப்பேன். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதே நேரத்தில் கேட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். கணினித் திரை உறைந்துவிட்டதாம், எந்த லாரிக்கும் இடம் ஒதுக்க முடியவில்லையாம், வரிசை பாலம் வரை போய்விட்டதாம். அனிதா மேடம் மடிக்கணினியைத் திறந்தார். "முழுசா ரீஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றார்.

"வேண்டாம் மேடம்" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "யார் யாருக்காகக் காத்திருக்காங்கன்னு முதல்ல பாருங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். இது எனக்குப் பழகிய இடம். ஒரே ஒருவர் ஒரு பதிவைத் திறந்து, வேறு யாரும் தொட முடியாமல் பிடித்து வைத்திருந்தார். மற்ற அத்தனை பேரும் அவர் விடுவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதை நிறுத்திட்டா சரியாயிடும், இல்லையா?" விசைப்பலகைக்குப் போனது மேடத்தின் விரல்.

"சரியாயிடும். ஆனா இது யாரோட வேலை? நிறுத்தினா அவங்களுக்கு என்ன போகும்?"

வர்கீஸ் சார் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஐயோ, தொடவேண்டாம். இது இன்னிக்கு கப்பல்ல ஏத்தற பிளான். காலையிலேர்ந்து போட்டது மொத்தமும் போயிடும்."

திட்டம் போடுபவர் சேமிக்காமல் சாயா குடிக்கப் போயிருந்தார். சார் போன் செய்ததும் பாதி சாயாவோடு ஓடி வந்து சேமித்தார். திரை அசைந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன், முதல் லாரி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில இப்படித்தான் கேட்டுட்டு செய்வீங்களா?" என்றார் சார்.

"அங்கே கேட்காம நிறுத்தினா ஆள் போயிடும் சார்." (இந்த முறை நிஜ ஆள்.)

வேலை கிடைத்தது. "இறாலைப் பத்தி நாங்க சொல்லித் தரோம். மற்றதைச் சொல்லித் தர எங்களுக்கு நேரமில்லை" என்றார் வர்கீஸ் சார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் எதையும் நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. இந்த வாக்கியத்தை மாட்ட முடிந்தால் மாட்டியிருப்பேன்.

இப்போது அங்கே ஆள் எடுக்கும் இடத்தில் நானும் உட்காருகிறேன். வங்கியிலிருந்து வருகிறார்கள், துணிக்கடையிலிருந்து வருகிறார்கள். துறை அனுபவம் இல்லையே என்று அவர்களே தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். நான் அதைக் கேட்பதே இல்லை. ஒரு வேலையை நிறுத்துவதற்கு முன் யாரைக் கேட்பாய் என்பதைத்தான் கேட்பேன். அப்படி எடுத்தவர்களில் ஒருவரும் என் தலையைக் குனிய வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. மணி இந்தக் கதையைப் பஜார் முழுக்கப் பரப்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எதையும் யாரும் 'வைப்பது' இல்லை, 'அட்மிட்' செய்கிறார்கள். "அம்மா, அவியல் அட்மிட் ஆயாச்சு" என்று என் மகள் சமையலறையிலிருந்து கத்தியதை முதல்முறை கேட்டபோது, விருந்துக்கு வந்திருந்த மாமனார் பதறி எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டார். விஷயம் புரிந்த பிறகு அவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். பாலக்காடு திரும்பிய மறுநாளே போன் செய்தார். குரலில் ஏகப்பட்ட கவலை.

"ராஜி, மோர்க்குழம்பு எப்படி இருக்கு? பேச்சு மூச்சு உண்டா?"