மம்பட்டி அண்ணன் சொன்ன கூலி

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. எங்கள் வீட்டில் மாறவில்லை.

என் பெயர் இராஜாங்கம். வீட்டில் இராஜாங்கம் நடத்துவது என் மனைவி செவ்வந்தி. கட்சி மேடையில் மாநில சுயாட்சி கேட்டுத் தொண்டை கட்டியவன் நான். வீட்டில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்க யோசிப்பேன். இருந்தும் அந்தக் குறுவை நடவுச் சமயத்தில் ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஒரு தடவையாவது என் பேச்சை அவள் கேட்டாக வேண்டும்.

காரணம் இருந்தது. நான் பஞ்சாயத்து ரேடியோ ஆபரேட்டர். சாயங்காலம் நான் ரூமைத் திறந்து குமிழைத் திருப்பினால், வேப்பமரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கர் வழியாக ஊரே ரேடியோ கேட்கும். கட்சியில் கத்தியதற்குக் கிடைத்த வேலை. அதற்குத்தான் அப்போது ஆபத்து வந்தது.

நடவுப் பெண்கள் கூலியில் ஒரு படி நெல் கூடுதலாகக் கேட்டு, வயலில் இறங்க மறுத்திருந்தார்கள். முன்னால் நின்றவள் செவ்வந்தி. வயல்கள் மிராசுதார் தியாகராசனுடையவை. பஞ்சாயத்துத் தலைவரும் அவரே. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாத்து முத்திக்கிட்டே போவுது ராஜாங்கம். நாளைக்கு ஒம் பொண்டாட்டி வயல்ல எறங்கலன்னா, ரேடியோ ரூம் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிடு."

வீட்டுக்கு வந்து செவ்வந்தியிடம் பேசினேன். பேசினேன் என்றால், அவள் பேசினாள், நான் கூட இருந்தேன்.

"கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்னா செவ்வந்தி?"

"விட்டு விட்டுத்தானே இந்த நெலமை. நாள் பூரா குனிஞ்சு நிக்கிற வலி யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சோறு வேவுறதுக்கு முன்னாடியே வந்து தட்டு போட்டுக்கிட்டு ஒக்காருவீங்களா? அந்த வெறகத் தள்ளிவிடுங்க."

தள்ளிவிட்டேன்.

உலகத்தில் அவள் மறுபேச்சில்லாமல் கேட்கிற ஆண் குரல் ஒன்றுதான். அது மம்பட்டி அண்ணன் குரல்.

அந்தக் காலத்து ரேடியோவில் 'களத்துமேடு' என்று ஒரு நிகழ்ச்சி. அதை நடத்தியவர்தான் மம்பட்டி அண்ணன். மழை பெய்ய வேண்டுமென்றால் முறத்தில் கடுகை உருட்டுவாராம். வாயாலேயே பம்புசெட்டை ஓட்டி, பெல்ட்டு அறுந்து நிற்கிற சத்தம் வரைக்கும் காட்டுவார். ஒருநாள் அவர் கன்று மாதிரிக் கத்தியதற்கு எங்கள் தெருப் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. கூடப் பேசுவதற்கு அம்சம் என்று ஒரு தங்கச்சி. அண்ணன் பெரிதாக அளக்கத் தொடங்கினால், "அதெல்லாம் சரிங்கண்ணே" என்று இழுத்துத் தரைக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவர்கள் சொன்ன விதையைத்தான் ஊரே விதைத்தது. அதற்கு ரேடியோ நெல்லு என்றே பெயர். இப்போது எத்தனையோ பெட்டிகள் பேசுகின்றன. அண்ணன் மாதிரிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து யாரும் பேசவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

அண்ணன் சொல்லிவிட்டால் செவ்வந்தியிடம் அப்பீல் கிடையாது. ரேடியோ ரூமில் வரி கட்டச் சொல்லி அறிவிக்க ஒரு மைக் உண்டு. எனக்கோ அண்ணன் குரல் அட்சரம் பிசகாமல் வரும். இதற்கு மேல் ஒரு ஆண்மகனுக்கு என்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் பெண்கள் வேப்பமரத்தடியில் கூடிவிட்டார்கள். ஆண்கள் நெய்னா முகம்மது டீக்கடையில். மிராசுதார் தன் வீட்டு ஊஞ்சலில். ரூம் கதவைச் சாத்தினேன். ரேடியோவை அடக்கினேன். ரேடியோவில் வருகிற குரல் மாதிரி இருக்க மைக்கின் மேல் துண்டைப் போட்டேன்.

"என்னங்கய்யா, வரப்புல ஒக்காந்தாச்சா?"

அண்ணன் தினமும் தொடங்குகிற விதம் அது. எனக்கே புல்லரித்தது.

"நடவுத் தாய்மாருங்களுக்கு ஒரு சேதி. நாத்து முத்துனா கதிரு கொறையும். கூலிய அப்புறம் பேசிக்கலாம், பயிரு காத்திருக்குமா? காலையில எல்லாரும் வயல்ல எறங்கிடுங்க."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஜன்னல் பக்கம் ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"ஏங்க."

கல்யாணமான நாள் முதல் அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரே பதில்தான் தெரியும்.

"தோ வந்துட்டேன்" என்றது வேப்பமரத்துப் புனல்.

மரத்தடியில் சிரிப்பு வெடித்தது. டீக்கடையில் இருந்தவர்களோ, அண்ணன் இன்றைக்குப் புதிதாக நாடகம் போடுகிறார் என்றார்களாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு செவ்வந்தி வந்தாள். என்னைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் ஒரு வார்த்தை கத்தினால் என் வேலை போயிற்று. அவள் கத்தவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தாள்.

"அதெல்லாம் சரிங்கண்ணே."

அச்சு அசல் அம்சத்தின் குரல். தாலி கட்டிய மனைவி ஊரறிய என்னை அண்ணே என்றாள்.

"நடச் சொல்றீங்க, கூலி சொல்லலியேண்ணே?"

"அது வந்து தங்கச்சி..." அந்தப் பாவத்தையும் என் வாயாலேயே செய்தேன். "ஊரு வழக்கப்படி..."

"எந்தப் படி?"

"வழக்கப் படி."

"அது பழைய படிண்ணே. அதுக்கு மேல எத்தனை படி?"

அவளுடைய இன்னொரு கை என் தொடையைப் பிடித்துத் திருகியது.

"ஒரு படி" என்று அலறினேன்.

"மிராசுதாருங்க கேட்டுக்கங்க. அண்ணன் சொல்லிட்டாரு, ஒரு படி கூடுதல். அதெல்லாம் சரிங்கண்ணே, பொம்பளைங்க பொழுதுக்கும் சேத்துல நின்னா வீட்டுல ஒலை யாரு வைக்கிறது?"

"அவங்கதான்..." கை மறுபடி தொடைக்கு வந்தது. "அவங்க வீட்டு ஆம்பளைங்கதான்."

"சட்டி கழுவுறது?"

"அதுவும்."

"ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லி அவளே மைக்கை அணைத்தாள்.

விடிந்ததும் மிராசுதார் கூப்பிட்டனுப்பினார். சாவியை எடுத்துக்கொண்டே போனேன்.

"ரேடியோவே சொல்லிடுச்சு ராஜாங்கம். சர்க்கார் சொன்ன மாதிரிதானே. ஒரு படி போட்டுத் தொலைக்கிறேன், எறங்கச் சொல்லு."

நாற்று முத்துகிற நேரம். இறங்கி வர அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பெண்கள் குலவையிட்டு வயலில் இறங்கினார்கள். சாயங்காலம் செவ்வந்தி முந்தானையில் கூடுதல் படி விழுந்தபோது எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பார்த்துக்கொண்டே நிற்க நேரமில்லை. குளத்துக்குப் போக வேண்டியிருந்தது.

குளக்கரையில் எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரும் கரிச்சட்டியும் சாம்பலுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அரசப்பன் அண்ணன் சோற்றுப் பானையைத் தேய்த்தபடி பல்லைக் கடித்தார்.

"அந்த மம்பட்டிப் பய மட்டும் இந்த ஊருப் பக்கம் வரட்டும். தோலை உரிச்சிடறேன்."

"உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடணும்ணே" என்றேன், அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டே.